வியூக்கா

கீழ் வளைவில் பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் போதும், வியூக்கா கையில் இருக்கிற வேலையை அந்தரத்தில் விட்டுவிடுவாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தால் கத்தி காயிலேயே நிற்கும். தலை வாரிக்கொண்டிருந்தால் சீப்பு தலையிலேயே நிற்கும். அந்தச் சீப்போடு ஓடிவந்து, தோள்துண்டை இடுப்பில் இறுக்கி, விளக்குமாற்றின் நீளக் கம்பைச் செங்கோல் மாதிரி ஊன்றிக்கொண்டு கழிப்பறை வாசலில் நின்றுவிடுவாள். பஸ் திரும்பி மூக்கை நீட்டும்போது, அவள் காலையிலிருந்தே அங்கே நிற்பதுபோல ஒரு தோற்றம்.

"சின்ன பஸ்ஸுன்னா சிணுங்கிக்கிட்டு வரும். பெரிய பஸ்ஸுன்னா பெருமூச்சு விட்டுக்கிட்டு வரும். ரெண்டும் இல்லாம பேய் துரத்துற மாதிரி வந்துச்சுன்னா, உள்ள யாருக்கோ தாங்கலைன்னு அர்த்தம்" என்பாள். பெரும்பாலும் அது டிரைவராகத்தான் இருக்கும்.

முதலில் இறங்கியவருக்கே முதலிடம் என்ற நியாயமெல்லாம் அவளிடம் செல்லாது. முகத்தைப் பார்த்து வரிசை போடுவாள். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்குகிறவர் காத்திருக்கலாம். சிரிக்காமல், யாரையும் பார்க்காமல், முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு வாத்து நடை நடந்து வருகிறவருக்கு உடனே வழி. "யூ வெயிட். யூ வெயிட். யூ... ஐயோ பாவம், யூ கோ, கோ, கோ!" தூர தேசங்களில் பெரிய பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்து ஊரையே காக்கவைக்கிற மனிதர்கள் அவள் கம்பு காட்டிய இடத்தில் நல்ல பிள்ளைகளாக நின்றுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மனிதனிடம் வீம்பு இருப்பதில்லை. "ஆத்திரத்தை அடக்கலாம், அதை அடக்க முடியுமா?" என்ற பழமொழியைச் சொல்லிப் பிழைக்கிற ஒரே குடும்பம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைச்சாலை கொண்டை ஊசியாக மடங்குகிற இடத்தில், பள்ளத்தின் விளிம்பில், தீப்பெட்டியை நிறுத்திவைத்தது போன்ற ஓர் அறை. உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கும். ஆனால் அந்த எதிர்ச்சுவரில்தான் ஜன்னல் இருக்கிறது. கண்ணாடி போட்ட, அகலமான ஜன்னல். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு நேராக மலையின் இடுப்பு, அதைச் சுற்றிய சாலை, அடியில் ஏரி, ஏரிமேல் நகரும் மேக நிழல், எல்லாம் வந்து நிற்கும். எட்டிப் பார்க்க அந்தப் பக்கம் பறவையைத் தவிர யாரும் வர முடியாது.

அதனால்தான் உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. போகும்போது இருந்த அவசரம் எங்கே போயிற்றென்று தெரியாது. உள்ளிருந்து "ஓ!" என்று ஒரு குரல் வரும். பிறகு சத்தமே இருக்காது. வரிசையில் நிற்பவர்கள் கால் மாற்றி நிற்பார்கள். கம்பால் கதவில் ஒரு தட்டு. "சார், டூ மினிட் வியூ. நோ டென் மினிட் வியூ!" இரண்டாவது தட்டு. "மேடம், வியூ ஃபினிஷ்! வெளிய வாங்க தாயி!" வருகிறவர்கள் கோயிலிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வருவார்கள். நெற்றி சிவந்திருக்கும். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததன் அடையாளம். ஒவ்வொரு பஸ் போன பின்பும் கண்ணாடியில் வட்டம் வட்டமாக நெற்றிகள் இருக்கும். பழைய துணியை ஈரமாக்கி அவள் அத்தனையையும் துடைப்பாள். "ஊருக்கு ஊரு நெத்தி. எல்லாத்துலயும் ஒரே எண்ணெய்தான்."

ஜன்னல் வந்தது ஒரு தவறினால். அதற்கு முன் அந்த இடம் வெறும் இடம். சாலை வெட்டும்போது மிச்சமான, சறுக்குகிற ஒரு துண்டு. கல்யாணத்தின்போது அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. பல வருடங்களுக்கு அவள் மாமியாருக்கு அதுவே பேச்சு. "உங்கப்பன் குடுத்த சீமை நிலத்துல ஒரு மனுசன் நிக்க முடியுமா?"

மேலே வரும் சொகுசு பஸ்கள் அந்த வளைவில் நிற்கும், படமெடுக்கும், போகும். வந்தவர்கள் யாரும் எதையும் வாங்கியதில்லை. காலைச் சாப்பாடு, பொட்டலச் சாப்பாடு, தண்ணீர், தொப்பி, குடை எல்லாவற்றையும் கீழே ஏரிக்கரை விடுதியே கட்டிக் கொடுத்து அனுப்பிவிடும். "காசு பஸ்ஸுலேயே வரும், பஸ்ஸுலேயே போயிடும். குப்பை மட்டும் இறங்கும்." அவள் அப்போது அவர்கள் வீசிய பாட்டில்களைப் பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தாள். விடுதி கட்ட வந்த புதிதில் ஓர் அதிகாரி கூட்டம் போட்டு, சுற்றுலா வளர்ந்தால் பணம் மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும் என்று பேசிவிட்டுப் போயிருந்தார். இன்றைக்கு அதை நினைத்து அவள் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். "பெரிய மனுசன் வாக்கு. அப்படியே பலிச்சுது பாருங்க. சொட்டுச் சொட்டாத்தான் இறங்குது!"

ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடியதைப் பார்த்தாள். புதர் இல்லை, பாறை இல்லை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்துவிடலாம். வயிறு அவரவர் வயிறு அல்லவா? சாயங்காலமே டிரைவரைப் பிடித்துக் கேட்டாள்.

"தம்பி, இங்க ஒரு கக்கூஸ் கட்டுனா பஸ்ஸை நிறுத்துவியா?"

"நிறுத்தாம? ஆனா ஒண்ணு அக்கா, அவங்களுக்கு வியூ முக்கியம். வியூ இல்லாத இடத்துல நிறுத்துனா என்னைத் தொலைச்சுடுவாங்க."

டிரைவர் சொன்னது பஸ் நிற்கும் இடத்தைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டது கழிப்பறையைப் பற்றி. அவர்கள் தேசத்தில் அது ஒரு சுத்தம் போலிருக்கிறது, தண்ணீர், சோப்பு மாதிரி வியூவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் கொத்தனார். ஏரிக்கரை விடுதியில் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டியவர்.

"கக்கூஸுக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய ஜன்னல்? மானம் போயிடும்."

"உங்க மானமா போகுது? அவங்களுக்கு வியூ வேணுமாம். இல்லாட்டி வராதாம்."

"எது வராதாம்?"

"பஸ்ஸு!"

அவர் தலையில் அடித்துக்கொண்டே அளவெடுத்தார். சிமெண்ட் வாளியைக் கவிழ்த்து அவளை உட்காரவைத்து, கண் மட்டத்தில் கரியால் கோடு போட்டு, வெளிநாட்டு உயரத்துக்கு ஒரு சாண் கூட்டிக்கொண்டார். விடுதியில் உடைந்து குப்பைக்குப் போன டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஒட்டினார். ஒரு துண்டில் பாதி மீன், பக்கத்துத் துண்டில் கால் பூ, அதற்கடுத்து யாருடைய குளியலறைக்கோ போக வேண்டிய நீலம். அவர்கள் வீட்டுக்குள் இன்றும் மண் தரைதான். மகள் படிப்புக்கும் கூரைத் தகரத்துக்கும் போக மிஞ்சினால் தரைக்கு.

முதல் பயணி உள்ளே போய் "ஓ!" என்று கத்தியபோது, தேள்தான் கொட்டிவிட்டதென்று அவள் தண்ணீர் வாளியோடு கதவை இடித்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் டிரைவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அவர்தான் வியூ அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. அது தேய்ந்து வியூக்கா. இப்போது அவள் பள்ளத்தைக் கையால் காட்டி எல்லோருக்கும் விளக்கம் சொல்கிறாள். "நமக்கு அது பள்ளம். அவங்களுக்கு வியூ. காசு குடுக்கிறவன் வெச்சதுதான் பேரு."

மாமியாரின் பழைய பேச்சுக்கும் பதில் கிடைத்துவிட்டது. "நிக்கத்தானே முடியாதுன்னீங்க அத்தை? இப்ப உக்காந்து பாக்குறாங்களே!"

மகள் தன் போனில் ஒருநாள் காட்டினாள். ஜன்னல் வழியே எடுத்த படங்கள், ஏரி, மேகம், ஒரு படத்தின் ஓரத்தில் யாருடைய முழங்காலோ. "ஒருத்தர் எழுதியிருக்காரும்மா, இந்த நாட்டுலயே நல்ல சீட்டு இதுதானாம்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீட்டா? எந்தக் கட்சி குடுத்துச்சு?"

இத்தனை புகழுக்கும் ஒரு விலை உண்டு. பகல் முழுக்க அது விருந்தாளிகளுக்கு. தண்ணீர் லாரியில் வருகிறது. மலையில் ஊற்று இருக்கிறது, ஊற்றுக்குக் குழாய் இருக்கிறது, குழாயின் மறுமுனை விடுதியில் இருக்கிறது. வாங்குகிற தண்ணீரை வீட்டாருக்குச் செலவழித்தால் கட்டுப்படியாகாது என்று வியூக்கா சட்டம் போட்டுவிட்டாள். கொத்தனார் பழையபடி தூரத்துப் பாறைக்குப் போகிறார். மகள் விடியும் முன்னே எழுந்துவிடுகிறாள். மாமியார் மட்டும் சட்டத்தை மதிப்பதில்லை. வரிசையில் புகுந்து, வயிற்றில் கை வைத்து முகத்தைச் சுளித்து ஒரு நடிப்பு நடிப்பார். வெளிநாட்டார் பதறி வழிவிடுவார்கள். வியூக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "அத்தை, டூ மினிட்!" என்பாள்.

வியூக்கா ராத்திரி இருட்டில்தான் உள்ளே போவாள். அந்நேரம் ஜன்னல் கரும்பலகை. பகலில் கழுவப் போனாலும் குனிந்த தலை பீங்கானைத்தான் பார்க்கும். துடைக்கும்போது கண் கண்ணாடியில் இருக்கும், கண்ணாடிக்கு அப்பால் போகாது.

விடுதி மேனேஜர் வந்தது போன மாதம். உடம்பில் மடிப்புக் கலையாத சட்டை, கையில் விடுதியின் பெயர் போட்ட தண்ணீர் பாட்டில். பேச்சு மட்டும் நல்ல பேச்சு. அந்த வளைவில் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு காபிக் கடை கட்டப் போகிறார்களாம். அவளுடைய இடம் வேண்டுமாம். விலை கொடுப்பார்கள். அவளுக்கு அங்கேயே துப்புரவு வேலை, சீருடை, மாதச் சம்பளம். கொத்தனாருக்கு மேஸ்திரி வேலை.

உள்ளே போய் எட்டிப் பார்த்தவர், "இந்த டைல்ஸ் எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார்.

கொத்தனாருக்கு இருமல் வந்தது. "உடைஞ்சது சார்."

"வேண்டாம்னு சொன்னா?" என்று வியூக்கா கேட்டாள்.

"சொல்லுங்க, பரவாயில்லை. ஆனா பஸ் எங்களுது. இங்க நிக்கக் கூடாதுன்னு நாங்க சொன்னா நிக்காது. யோசிச்சு வைங்க, வர்றேன்."

ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சுதான். "மேஸ்திரின்னா சும்மாவா? நாலு பேர் கல்லு தூக்க, நான் கை காட்டுவேன்" என்று கொத்தனார் தூக்கத்திலும் கை காட்டினார். "பஸ்ஸு நிக்கலைன்னா மறுபடியும் பாட்டில் பொறுக்கப் போறியா?" என்று அவளையும் கேட்டார். பாட்டில் பொறுக்கிய காலத்தில் கையில் ஏறிய கண்ணாடிச் சில்லு ஒன்று இன்னும் உள்ளங்கையில் கடுகு போல உருளும். அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை மேனேஜர் மறுபடியும் வந்தார். வெயில். பத்திரத்தைக் கழிப்பறை வாசலில் இருந்த கல் திண்டின்மேல் விரித்து, பறக்காமல் இருக்கப் பேனாவை வைத்தார். மாமியார் நாற்காலி போட்டார். மகள் கதவில் சாய்ந்து நின்றாள். மேனேஜர் பாட்டிலைத் திறந்து குடித்தார், பேசினார், மறுபடி குடித்தார். பாட்டிலின் மேல் இந்த மலை ஊற்றின் படம் இருந்தது.

"முதல் பஸ்ஸுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். இன்னைக்கு நிக்காது. நீங்களே பாருங்க. மிரட்டுறேன்னு நினைக்காதீங்க, நிலைமையைச் சொல்றேன்."

வியூக்கா பேனாவைப் பார்த்தாள். கொத்தனாரைப் பார்த்தாள். அவர் கண்களில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். சரி, ஆயிற்று என்றுதான் அவளுக்கும் தோன்றியது. கையை நீட்டியவள் ஏதோ நினைத்து நிறுத்தினாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கண்ணாடி மாளிகையில கக்கூஸ் இருக்கும்ல?"

"பின்னே? உங்க ஐடியாதான். பெரிய ஜன்னல், பெரிய வியூ."

"வேலைக்கு வந்தா நானும் அதுக்குள்ள போலாமா?"

"கழுவத்தானே போறீங்க."

"கழுவ இல்ல சார். போக."

மேனேஜர் சிரித்தார். "ஸ்டாஃபுக்குத் தனியா, பின்பக்கம் இருக்கும்மா."

"பின்பக்கம் வியூ இருக்குமா?"

"பின்பக்கம் ஜெனரேட்டர் இருக்கும்."

அவள் பேனாவை எடுத்து, கவனமாக மூடி, அவர் சட்டைப் பையில் திரும்பச் செருகினாள். "இருங்க, வர்றேன்" என்று எழுந்து நேரே கழிப்பறைக்குள் போனாள். துணியில்லை, வாளியில்லை, விளக்குமாறு வெளியே சுவரில் சாய்ந்து நின்றது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மூடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் சுவரில் இடித்தது. தலையை நிமிர்த்தினாள்.

"ஓ" என்றாள்.

அதே பள்ளம்தான். பிறந்ததிலிருந்து பார்த்த பள்ளம். ஆனால் நின்றபடி, ஓடியபடி, சுமந்தபடி பார்த்தது. உட்கார்ந்து பார்த்ததில்லை. ஏரி ஒரு கண்ணைத் திறந்து அவளையே பார்த்தது. மேகத்தின் நிழல் ஒன்று விடுதியின் சிவப்புக் கூரைகள்மீது மெதுவாக ஏறி, எதையும் வாங்காமல் மறுபக்கம் இறங்கிப் போனது. கீழ்ச் சாலையில் பொம்மை மாதிரி பஸ் வந்துகொண்டிருந்தது. அங்கே வருகையில் இத்தனை நாள் காதால் மட்டும் கேட்ட பஸ். அதன் பெருமூச்சும் அதன் உருவமும் இன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்தன. வளைவில் கியர் மாற்றியது. உடம்பு பழக்கத்தில் எழப் பார்த்தது. அவள் அதை அதட்டி உட்காரவைத்தாள்.

பஸ் மேலே ஏறி வந்தது. கழிப்பறைச் சுவர் அதிர்ந்தது. நிற்கவில்லை. சத்தம் அவளைத் தாண்டிப் போயிற்று, தேய்ந்தது. உள்ளங்கைக் கடுகை விரல் தேடியது.

"பாத்தீங்களா? சொன்னேன்ல" என்று மேனேஜர் வெளியே சொல்வது கேட்டது.

அப்புறம் தூரத்தில் பிரேக் கிறீச்சிட்டது. கூட்டமாகக் குரல்கள், ஓடிவரும் செருப்புகள், எல்லாவற்றுக்கும் மேலே டிரைவரின் குரல். "நான் நிறுத்தலை சார்! சத்தியமா நான் நிறுத்தலை! அவங்க எல்லாரும் சீட்டை விட்டு எழுந்து நின்னுட்டாங்க. ஒருத்தர் ஸ்டியரிங்குக்கே வந்துட்டார்! அக்கா எங்க?"

"உள்ள" என்றாள் மகள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"அடியே, வெளிய வா! எல்லாரும் நிக்கிறாங்க!" என்று கொத்தனார் கதவைத் தட்டினார். பதில் வராததால் அம்மாவைப் பார்த்தார். மாமியார் ஏற்கெனவே விளக்குமாற்றுக் கம்பைக் கையில் எடுத்திருந்தார்.

"யூ வெயிட்! யூ வெயிட்! தம்பி, நீயும் வெயிட்!"

வரிசை ஒழுங்கானது. அந்த வரிசையில் மடிப்புக் கலையாத சட்டையும் ஒன்று. பாட்டில் காலி. முழங்கால்கள் ஒட்டியிருந்தன. மேனேஜர் மெல்ல முன்னால் நகரப் பார்த்தார். மாமியார் கம்பைக் குறுக்கே நீட்டி, காலி பாட்டிலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம ஊத்துத் தண்ணிதானே குடிச்சீங்க? வீட்டுக்குத் திரும்பி வரணும்னு துடிக்குது. கடைசியில போய் நில்லுங்க சார்."

"அம்மா... அவசரம்மா..." அவர் கம்புக்கு அடியில் குனிந்து புகுந்து, கதவைத் தட்டியேவிட்டார். "பத்திரத்தை அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல கொஞ்சம்..."

வியூக்காவின் நெற்றி கண்ணாடியில் இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

"ஆளிருக்கு!" என்றாள் உள்ளிருந்து, மலை எதிரொலிக்கும் குரலில். சொல்லிவிட்டு நெற்றியை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.